எதைக் காட்டினாலும் மஞ்சள்தானா? சுடர் சோதனைக் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

செய்முறைத் தேர்வு நெருங்கும் நாட்களில் பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் குரல் ஒன்று உண்டு: "சார், இதுலயும் மஞ்சளாவே வருதுங்க."

சுடர் சோதனை கேட்பதற்கு எளிது. உப்பை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் களிம்பாகக் குழைத்து, கம்பி நுனியில் எடுத்துச் சுடரில் காட்ட வேண்டும். வரும் நிறத்தை வைத்து உள்ளே இருக்கும் உலோகத்தைச் சொல்லிவிடலாம். சோடியம் பொன்மஞ்சள், பொட்டாசியம் இளம் ஊதா, கால்சியம் செங்கல் சிவப்பு, ஸ்ட்ரான்சியம் கருஞ்சிவப்பு, பேரியம் ஆப்பிள் பச்சை, தாமிரம் நீலப்பச்சை. இந்த வரிசையை ஒப்பிக்கத் தெரியாத பிள்ளை கிடையாது. சுடருக்கு முன்னால் நிற்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

நிறம் தப்பாக வந்தால் உப்பின் மேல் பழி போடாதீர்கள். கழுவிய தண்ணீர், தொட்ட விரல், காட்டிய குச்சி, எரிகிற பர்னர் ஆகிய நான்கில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஆகவே கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் முதல் வேலை ஒன்றே: உப்பு எதுவும் இல்லாமல் வெறுங்கம்பியை அமிலத்தில் நனைத்துச் சுடரில் காட்டுங்கள். சுடர் நிறம் மாறாமல் இருந்தால்தான் அந்தக் கம்பி சோதனைக்கு லாயக்கு. இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்த்துவிட்டு மற்றதையெல்லாம் செய்வதில் பயனில்லை.

அறிகுறி: எந்த உப்பைக் காட்டினாலும் மஞ்சள்

முதலில் சுடரைப் பாருங்கள். பர்னரின் காற்றுத் துளை மூடியிருந்தால் எரிவாயு முழுதாக எரியாது. கரித்துகள்கள் சூடேறி மஞ்சளாக ஒளிரும். அது உலோகத்தின் நிறமே அல்ல. சந்தேகம் இருந்தால் பீங்கான் கிண்ணத்தின் அடிப்பாகத்தைச் சுடரில் ஒரு கணம் காட்டி எடுங்கள். கரி படிந்தால் காற்று போதவில்லை என்று பொருள். துளையைத் திறந்து, சுடர் நீலமாகி லேசாக இரையும் வரை திருப்புங்கள். ஸ்பிரிட் விளக்கை வைத்துச் சமாளிக்கும் பள்ளிகளில் இந்தச் சோதனை எப்போதும் தள்ளாட்டம்தான். திரியும் மஞ்சள் கொடுக்கும், சூடும் குறைவு. சோடியத்தையும் தாமிரத்தையும் காட்டலாம்; பேரியத்தை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்து, எதில் எடுத்துக் காட்டுகிறீர்கள் என்று பாருங்கள். நம் ஆய்வகங்களில் கண்ணாடிக் குச்சியின் நுனியில் களிம்பைத் தொட்டுக் காட்டும் வழக்கம் பரவலாக இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி சோடியம் சேர்த்து உருக்கப்படுவது. நுனி சிவந்து இளகத் தொடங்கினால் கண்ணாடியே மஞ்சள் தரும். பேரியம் உப்பை நீண்ட நேரம் காட்டினால்தான் பச்சை வரும் என்பதால் குச்சியைப் பிள்ளைகள் எடுக்காமல் பிடித்திருப்பார்கள். பச்சை வருவதற்குள் கண்ணாடியின் மஞ்சள் முந்திக்கொள்ளும். கண்ணாடிக் குச்சிதான் கையில் இருக்கிறது என்றால் சூடேறுமுன் எடுத்து, ஆறவிட்டு, மறுபடி காட்டுங்கள். நைக்ரோம் (நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம்) கம்பி கிடைத்தால் கண்ணாடியை விட்டுவிடுங்கள்.

தென்னை ஈர்க்குச்சியிலும் தீக்குச்சியிலும் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். குச்சி எரிந்தால் அதன் சாம்பலில் உள்ள சோடியமும் பொட்டாசியமும் பேச ஆரம்பித்துவிடும். மரக்குச்சிதான் வழி என்றால் முந்தின இரவே வாலை வடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) ஊறப்போட்டு, ஈரத்தோடு, கருகுமுன் காட்டி எடுக்க வேண்டும்.

இனி தண்ணீர். கொங்குப் பகுதி ஆய்வகங்களில் மஞ்சளுக்கு முதல் காரணம் என்று நான் கைகாட்டுவது இதைத்தான். போர்த் தண்ணீர் ஒரு சொட்டை வாட்ச் கிளாஸில் விட்டு வெயிலில் காயவையுங்கள். தண்ணீர் ஓரத்திலிருந்து உள்ளே சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஒரு வெள்ளை வளையம் நிற்கும். வளையத்தின் வெளி ஓரம் மாவு படிந்தாற்போல மங்கலாகவும், நடுவில் ஊசி முனை அளவுக்கு மின்னும் துணுக்குகளாகவும் தெரியும். சுத்தமான கம்பியை அமிலத்தில் நனைத்து அந்த வளையத்தைத் தொட்டுச் சுடரில் காட்டுங்கள். பளீரென்று மஞ்சள் எழும்பும். சோதனைக்குழாயையும் வாட்ச் கிளாஸையும் கம்பியையும் நீங்கள் கழுவிக்கொண்டிருப்பது இந்தத் தண்ணீரில்தான்.

நொய்யல் கரைக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமென்றால் சாயத் தொட்டியில் சாதா உப்போ சோடியம் சல்பேட்டோ நிறையப் போட வேண்டும். சாயத்தை நூலுக்குள் தள்ளிவிட்டு அந்த உப்பு கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். திருப்பூர்ப் பட்டறைகளின் கழிவு நொய்யலில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, சுற்றுவட்டக் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்த கதை ஊரறிந்தது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை கட்டாயமானது. நிலத்துக்குள் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போய்விடாது.

"எங்க ஸ்கூல்ல சாஃப்ட்னர் போட்டிருக்குதுங்க சார், தண்ணி நல்ல தண்ணி" என்பார்கள். சுடர் சோதனைக்கு அது இன்னும் மோசம். சாஃப்ட்னரில் உள்ள ரெசின், கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அதற்குப் பதிலாகச் சோடியத்தைத் தண்ணீரில் விடுகிறது. வாரம் ஒருமுறை அதற்குள் மூட்டை உப்பு கொட்டுவது அதற்காகத்தான். சோப்பு நன்றாக நுரைக்கும், குழாயில் பொருக்குப் பிடிக்காது. கம்பியைக் கழுவினால் மஞ்சள்தான். ஆர்.ஓ. கேன் தண்ணீர் பரவாயில்லை, ஆனாலும் அதில் கொஞ்சம் சோடியம் தங்கியிருக்கும். சிறுவாணித் தண்ணீர் குடிப்பதற்குத் தேன்தான். கம்பி கழுவ அதுவும் ஆகாது. வாலை வடிநீர் கைவசம் இல்லாவிட்டால், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை வாங்கி அதைக் கடைசிக் கழுவலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கேன் வாங்கினால் ஒரு வகுப்புக்கு நீண்ட நாள் வரும்.

சோடியத்தை இவ்வளவு பெரிதுபடுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 1860-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் விஞ்ஞானிகள் பன்சனும் கிர்காஃபும் 3 மில்லிகிராம் சோடியம் குளோரேட்டைப் பால் சர்க்கரையோடு கலந்து, அறையின் ஒரு மூலையில் வெடிக்க வைத்தார்கள். அறையின் கொள்ளளவு ஏறக்குறைய 60 கன மீட்டர். மறு மூலையில் எரிந்த சுடரில் சில நிமிடங்களில் சோடியத்தின் மஞ்சள் கோடு தெரிந்தது. ஒரு மில்லிகிராமில் முப்பது லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சோடியம் சுடருக்குப் போனாலே காட்டிக்கொடுத்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். அவர்கள் பார்த்தது, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியில். நம் வெறுங்கண்ணுக்கு அவ்வளவு கூர்மை கிடையாது. இருந்தாலும் விரல் வியர்வை பட்ட கம்பி மஞ்சளாக எரிவதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை என்பது இதிலிருந்து விளங்கும். கம்பி நுனியை விரலால் தொடாதீர்கள், கைக்குட்டையால் துடைக்காதீர்கள். மதியம் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு ஊறுகாய் விரலோடு ஆய்வகத்துக்கு வருபவர்களைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, உப்பில் உண்மையிலேயே சோடியம் இருந்தால் எப்படித் தெரிந்துகொள்வது? மஞ்சள் வந்ததா இல்லையா என்று பார்க்காதீர்கள். எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் என்று பாருங்கள். கலப்படச் சோடியம் ஓரிரு விநாடி மின்னி அடங்கிவிடும். சோடியம் உப்பே என்றால் சுடர் முழுக்கப் பொன்மஞ்சளாகி, களிம்பு தீரும்வரை நிற்கும்.

அறிகுறி: நிறமே வரவில்லை

இதில் இரண்டு வகை. நிறம் தராத உலோகம் ஒரு வகை. நிறம் தர வேண்டியது தராமல் இருப்பது இன்னொரு வகை.

மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம் ஆகியவற்றின் உப்புகளும் அம்மோனியம் உப்புகளும் பர்னர் சுடரில் அடையாளம் சொல்லும்படியான நிறம் எதுவும் தருவதில்லை. சேலத்து வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், மக்னீசியம் கார்பனேட். அதை அமிலத்தில் கரைத்து எவ்வளவு நேரம் காட்டினாலும் சுடர் அசையாது. மக்னீசியம் நாடாவைக் கொளுத்தினால் கண்கூசும் வெள்ளை வருகிறதே என்று கேட்பார்கள். அங்கே உலோகமே எரிந்து, உண்டாகும் ஆக்சைடு வெண்சூட்டில் ஒளிர்கிறது. உப்பைச் சுடரில் காட்டுவது வேறு கதை. ஏற்காட்டு பாக்சைட்டில் உள்ள அலுமினியமும், காங்கேயம் அருகே படியூர்ப் பக்கம் கிடைக்கும் பெரில் கல்லில் உள்ள பெரிலியமும் இதே போல மௌனம்தான். கடல் நீல நிறத்தில் அந்தக் கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் கல்லின் நிறத்துக்கும் சுடரின் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. நிறம் வராததும் ஒரு குறிப்புதான். அதைக் குறிப்பேட்டில் 'காண்பன' பகுதியில் எழுதிவிட்டு அடுத்த தொகுதிச் சோதனைக்குப் போங்கள்.

இரண்டாவது வகைக்கு நல்ல உதாரணம், கடலைக்காட்டுக்குப் போடும் ஜிப்சம். கால்சியம் சல்பேட்; செங்கல் சிவப்பு வர வேண்டும். ஒரு துளியைக் காட்டினால் மங்கலாக ஏதோ தெரிந்தாலும் தெரியும், தெரியாமலும் போகும். சுடரில் நிறம் வர வேண்டுமானால் உப்பு முதலில் ஆவியாக வேண்டும். குளோரைடுகள் சுலபமாக ஆவியாகும், சல்பேட்டுகள் ஆவதில்லை. அமிலத்தில் குழைப்பதே உப்பைக் குளோரைடாக மாற்றத்தான். சல்பேட் அந்த மாற்றத்துக்கு எளிதில் மசியாது. வழி இது: கம்பியில் எடுத்த ஜிப்சத்தை, காற்றுத் துளையைப் பாதி மூடி, மஞ்சளாகப் புகையும் சுடரில் கொஞ்ச நேரம் பிடியுங்கள். சல்பேட்டில் ஒரு பகுதி ஆக்சிஜனை இழந்து சல்பைடாக ஒடுங்கும். துளையைத் திறந்து, கம்பி ஆறியதும் அமிலத்தில் நனைத்து, நீலச் சுடரில் மறுபடி காட்டுங்கள். அழுகிய முட்டை நாற்றம் லேசாக வந்தால் ஒடுக்கம் நடந்திருக்கிறது. செங்கல் சிவப்பு சட்டென்று ஒரு வீச்சு வீசிவிட்டு அடங்கும். கண் சிமிட்டினால் போச்சு. பேரியம் சல்பேட் இன்னும் பிடிவாதம். ஒடுக்குவதையும் நனைப்பதையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

மற்ற காரணங்கள் சில்லறை. களிம்பு காய்ந்துவிட்டால் அமிலம் சேருங்கள். சுடரின் நடுவில் உள்ள உட்கூம்பில் சூடே கிடையாது. அதன் உச்சிக்குச் சற்று மேலே, வெளி மேலுறையின் ஓரமாகப் பிடிக்க வேண்டும். கிழக்கு பார்த்த ஜன்னல் ஓரத்தில் காலை வெயிலில் நின்றுகொண்டு இளம் ஊதாவைத் தேடினால் கிடைக்காது. பர்னருக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டையை நிறுத்துங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும்.

அறிகுறி: மஞ்சளுக்குள் ஏதோ ஊதா தெரிந்த மாதிரி இருந்தது

பொட்டாசியமாக இருக்கலாம். அதன் ஒளியில் பெரும்பகுதி 766, 770 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே, கண்ணுக்கு எட்டும் சிவப்பின் கடைசி விளிம்பில் இருக்கிறது. 404-ல் ஊதா கொஞ்சம். இரண்டையும் நம் கண் சரியாகப் பிடிப்பதில்லை. சோடியத்தின் 589 நானோமீட்டர் மஞ்சளோ கண்ணுக்கு மிக நன்றாகத் தெரியும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே சோடியம் துளி இருந்தாலும் பொட்டாசியம் மறைந்துவிடும்.

மருந்து, கோபால்ட் நீலக் கண்ணாடி. அது மஞ்சளை விழுங்கிவிட்டு நீலத்தையும் அடர் சிவப்பையும் விடும். அதன் வழியாகப் பார்த்தால் சோடியம் காணாமல் போகும். பொட்டாசியம் சிவப்பு கலந்த ஊதாவாகத் தெரியும். மஞ்சள் ரொம்பப் பலமாக இருந்தால் இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்துப் பிடியுங்கள். ஆனால் நீலமாக இருப்பதெல்லாம் கோபால்ட் கண்ணாடி ஆகாது. கடையில் கிடைக்கும் நீலப் பாட்டிலையோ ஜன்னல் கண்ணாடியையோ உடைத்துப் பார்த்துவிட்டு "ஒண்ணுமே தெரியலீங்க" என்பவர்களிடம் நான் கேட்பது, பழைய குண்டு பல்பை அதன் வழியாகப் பார்த்தீர்களா என்றுதான். இழை சிவப்பு சாயலோடு ஊதாவாகத் தெரிந்தால் அது கோபால்ட். வெறும் நீலமாகவே தெரிந்தால் அந்தக் கண்ணாடி சிவப்பை விடவில்லை, பொட்டாசியத்துக்கு உதவாது.

பழகிக்கொள்ள உப்பு தேடி அலைய வேண்டாம். ஈரோட்டுப் பக்கம் மஞ்சளுக்கும் வாழைக்கும் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடுதான். செந்நிறமாக இருந்தால் அது இரும்பு ஆக்சைடின் சாயல். சோதனைக்குக் குறுக்கே நிற்காது. கம்பியில் எடுத்து முதலில் வெறுங்கண்ணில், பிறகு கண்ணாடி வழியாக, உடனே பாருங்கள். பொட்டாசியம் சீக்கிரம் ஆவியாகிவிடும். மஞ்சள் அடங்கட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் ஊதா போய்விடும். பெல்ஸ்பார் போன்ற பாறைத் தூளை நேரடியாகக் காட்டினால் ஒன்றும் வராது. சிலிக்கேட்டுக்குள் பொட்டாசியம் பூட்டிக் கிடக்கிறது. தூளோடு சம அளவு ஜிப்சம் கலந்து, நனைத்து, பலமான சுடரில் காட்டி, கண்ணாடி வழியாகப் பார்ப்பது கனிமக்காரர்களின் பழைய வழி.

அதே கண்ணாடி வழியாக மற்ற உலோகங்களும் வேறு வேஷம் போடும். கால்சியம் வெளிர் பச்சையாகவும், ஸ்ட்ரான்சியம் ஊதாவாகவும், பேரியம் நீலம் கலந்த பச்சையாகவும் தெரியும். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பகுதிக்கு வேண்டும்.

அறிகுறி: சிவப்பு வருகிறது, எந்தச் சிவப்பு என்று தெரியவில்லை

கால்சியம், ஸ்ட்ரான்சியம், லித்தியம் மூன்றும் சிவப்புதான். செங்கல் சிவப்பு என்று எழுதிவைத்திருப்பதால் சூளைச் செங்கல்லை மனதில் வைத்துக்கொண்டு தேடாதீர்கள். கால்சியத்தின் நிறம் ஆரஞ்சுக்குப் பக்கம். சோடியம் கலந்தால் இன்னும் ஆரஞ்சாகி, "மஞ்சளுங்களா, சிவப்புங்களா" என்று பிள்ளைகளைக் குழப்பும். ஸ்ட்ரான்சியமும் லித்தியமும் ரோஜாச் சிவப்பின் பக்கம்.

நிறத்தைவிட நடத்தை நம்பகமானது. கால்சியம் அமில ஈரம் இருக்கும் வரை வீசிவிட்டு மங்கும். மறுபடி நனைத்தால் மறுபடி வரும். ஸ்ட்ரான்சியம் அதைவிட நின்று எரியும். மதுக்கரையிலோ சங்ககிரியிலோ பொறுக்கிய சுண்ணாம்புக்கல் ஒரு துண்டு இருந்தால் போதும், கால்சியத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்த்துப் பழகலாம். தூளாக்கி அமிலம் விட்டால் நுரைத்துக் கரையும். அந்தக் கரைசலில் கம்பியைத் தொட்டுக் காட்டுங்கள். கோபால்ட் கண்ணாடியில் வெளிர் பச்சை தெரிந்தால் கால்சியம், ஊதா தெரிந்தால் ஸ்ட்ரான்சியம். வெறுங்கண்ணும் கண்ணாடியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் கரைசல் சோதனைக்குப் போய்விடுங்கள். அம்மோனியா சேர்த்த கரைசலில் அம்மோனியம் ஆக்சலேட் விட்டால் கால்சியத்துக்கு வெள்ளை வீழ்படிவு உடனே வரும். அது ஸ்ட்ரான்சியத்துக்கும் வரலாம் என்பதால், பிரிப்பதற்கு அம்மோனியம் சல்பேட் கரைசலைச் சேர்த்துச் சூடாக்கிப் பாருங்கள். ஸ்ட்ரான்சியம் மெல்ல வெள்ளையாகப் படியும், கால்சியம் பெரும்பாலும் கரைசலிலேயே நிற்கும்.

லித்தியம் பார்க்க ஆசைப்பட்டு பழைய செல்போன் பேட்டரியைப் பிரிக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் இங்கேயே விட்டுவிடுங்கள். அது தீப்பிடிக்கும் சாமான்.

அறிகுறி: எதைக் காட்டினாலும் பச்சை

மஞ்சளுக்கு அடுத்து கோவைப் பக்கத்துக்கென்றே உள்ள கோளாறு இது. மோட்டார் வைண்டிங் கடைகளும் பம்புசெட் பட்டறைகளும் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊர். ஆய்வகத்தில் கம்பி தீர்ந்துவிட்டது என்றால் பிள்ளைகள் வீட்டிலிருந்து வைண்டிங் கம்பியை எடுத்து வந்துவிடுவார்கள். எனாமல் பூசிய தாமிரம் அது. அமிலத்தில் நனைத்துக் காட்டினால் தாமிரம் குளோரைடாகி நீலப்பச்சை வீசும். உப்பு எதுவாக இருந்தாலும் அதே நிறம். சொல்லப்போனால் கரிமச் சேர்மத்தில் ஹாலஜன் இருக்கிறதா என்று பார்க்கும் பெயில்ஸ்டீன் சோதனையே இந்தக் குணத்தை வைத்துத்தான். சுடர் சோதனைக்கு வேண்டியது நிக்கல், குரோமியம் கலந்த நைக்ரோம். இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் பழுது பார்க்கும் கடையில் ஹீட்டர் காயில் என்று கேட்டு ஒரு துண்டு வாங்கி, நேராக்கி, நுனியில் சின்ன வளையம் போட்டால் போதும்.

வெறுஞ்சுடரின் ஓரத்திலேயே பச்சை தெரிகிறதா? பர்னரின் பித்தளை பாகத்தைப் பாருங்கள். அமிலப் புகையில் களிம்பேறி, தாமிர உப்புத் துகள்கள் எரிவாயுவோடு மேலே வருகின்றன. களிம்பைச் சுரண்டித் துடைத்து, உள்ளே விழுந்த உப்புத் துணுக்குகளைத் தட்டிவிடுங்கள். அமில பாட்டிலைப் பர்னர் பக்கத்தில் திறந்து வைக்கும் வழக்கத்தையும் நிறுத்துங்கள்.

அறிகுறி: பச்சைதான், ஆனால் பேரியமா தாமிரமா?

தாமிரம் உடனே வரும், நடுவில் நீலம், ஓரத்தில் பச்சை. பேரியம் தாமதமாக, கம்பி நன்றாகச் சிவந்த பிறகு, மஞ்சள் கலந்த இளம்பச்சையாக வந்து நீண்ட நேரம் நிற்கும். பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்காரர்கள் சுண்ணாம்போடு கலந்து போர்டோ கலவை தயாரிக்கும் மயில்துத்தம் தாமிர சல்பேட். அதை அமிலம் சேர்க்காமலும் சேர்த்தும் காட்டிப் பார்த்தால் பச்சை நீலமாகும் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். உப்பே நீலமாக இருந்தால் பாதிப் பதில் கையில் இருக்கிறது.

பச்சையில் மூன்றாவது ஆள் போரான். தட்டார்கள் பொடி வைத்துப் பற்றவைக்கும் வெங்காரத்தை (போராக்ஸ்) நேரடியாகக் காட்டினால் அதில் உள்ள சோடியம்தான் முதலில் தெரியும். பீங்கான் கிண்ணத்தில் சிறிதளவு எடுத்து, அடர் கந்தக அமிலமும் எத்தில் ஆல்கஹாலும் சில துளி சேர்த்து, ஆவியைப் பற்றவைத்தால் பச்சை ஓரச் சுடர் வரும். இதை ஆசிரியர்தான் செய்ய வேண்டும், ஆல்கஹால் பாட்டிலை மூடி தூரமாக வைத்த பிறகு. எரிகிற கிண்ணத்தில் பாட்டிலிலிருந்து மறுபடி ஊற்றினால் சுடர் பாட்டிலுக்கே ஏறிவரும்.

பேரியம் என்று முடிவு செய்தால் அசிட்டிக் அமிலம் சேர்த்த கரைசலில் பொட்டாசியம் குரோமேட் விட்டு மஞ்சள் வீழ்படிவைப் பார்த்துவிடுங்கள். ஸ்ட்ரான்சியம் அதில் படியாது. கரையும் பேரியம் உப்புகள் நஞ்சு. கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டாம்.

அறிகுறி: வெளிர் நீலமாக ஏதோ வந்தது, கம்பியும் பாழாகிவிட்டது

காரீயம். சாம்பல் பூத்த வெளிர் நீலம்; அதை நம்பி முடிவெழுத வேண்டாம். பொட்டாசியம் அயோடைடு விட்டு மஞ்சள் வீழ்படிவு வந்தால், தண்ணீர் சேர்த்துச் சூடாக்கி ஆறவிடுங்கள். பொன்துகள்களாக மின்னி இறங்கும். ஆய்வகத்தில் இதைவிட அழகான உறுதிச் சோதனை இல்லை. காரீயம், பிஸ்மத், ஆன்டிமனி, ஆர்செனிக், வெள்ளீயம் ஆகியவை சுடரில் ஒடுங்கி பிளாட்டினத்தோடு கலந்து அதை நொறுங்க வைக்கும். பழைய கல்லூரி ஆய்வகத்தில் பிளாட்டினம் கம்பி இன்னும் இருந்தால் இந்த உப்புகள் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நைக்ரோம் மலிவு, அமிலத்தில் நனைத்துச் சுடுவதைத் திரும்பத் திரும்பச் செய்தும் நிறம் போகவில்லை என்றால் நுனியை வெட்டி எறிந்துவிட்டுப் புது வளையம் போடுங்கள்.

அறிகுறி: எல்லோருக்கும் தெரிகிற நிறம் ஒரு பிள்ளைக்கு மட்டும் தெரியவில்லை

திட்டுவதற்கு முன் யோசியுங்கள். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத நிறக்குருடு ஆண் பிள்ளைகளிடம் அபூர்வமல்ல. பலருக்கு அது இருப்பதே இந்தச் சோதனையின்போதுதான் தெரியவரும். கால்சியமும் பேரியமும் அந்தக் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். "சரி கண்ணு, நிறத்தை விடு, எப்ப வந்தது, எவ்வளவு நேரம் நின்னதுன்னு சொல்லு" என்று கேட்டுப் பழக்குங்கள். கரைசல் சோதனைகளில் நிறத்தைவிட வீழ்படிவு வருகிறதா இல்லையா என்பதே முக்கியம் என்பதால் அதில் அவன் யாருக்கும் சளைக்க மாட்டான். இன்னொரு வழி, நிறத்தை நிறமாலையில் கோடு விழும் இடமாக மாற்றிக் காட்டுவது; அது அடுத்த பகுதியில்.

அறிகுறி: கலவை, ஒரு நிறம் இன்னொன்றை மறைக்கிறது

இதற்குக் கண் போதாது, நிறமாலை வேண்டும். செருப்பு அட்டைப் பெட்டி ஒன்று, பழைய டி.வி.டி. ஒன்று, சவர பிளேடு ஒன்று இருந்தால் செய்துவிடலாம். பெட்டியின் ஒரு முனையில் பிளேடின் இரண்டு பாதிகளை நெருக்கி ஒட்டி மெல்லிய பிளவு அமையுங்கள். மறு முனையில் டி.வி.டி.யின் ஒரு துண்டை, வெள்ளிப் பூச்சை உரித்துவிட்டு, தடங்கள் பிளவுக்கு இணையாக இருக்கும்படி ஒட்டுங்கள். மில்லிமீட்டருக்குச் சுமார் 1350 தடங்கள் இருப்பதால் நிறங்கள் அகலமாகப் பிரியும், சி.டி.யில் 625 தான். முதலில் பழைய பாதரச டியூப்லைட்டை (எல்.இ.டி. அல்ல) பாருங்கள். பாதரசத்தின் பச்சைக் கோடு 546 நானோமீட்டரிலும் நீலக் கோடு 436-லும் தெரியும். அந்த இரண்டையும் பெட்டிக்குள் பென்சிலால் குறித்துக்கொண்டால் அதுவே அளவுகோல். சூரியனை மட்டும் நேராகப் பார்க்காதீர்கள்.

இப்போது சுடரைப் பாருங்கள். சோடியம் 589-ல் ஒற்றை மஞ்சள் கோடு. எவ்வளவு பலமாக எரிந்தாலும் அந்த இடத்தை விட்டு நகராது, பக்கத்து உலோகத்தை மறைக்காது. லித்தியம் 671-ல் சிவப்பு. ஸ்ட்ரான்சியம் சிவப்புப் பட்டைகளோடு 461-ல் ஒரு நீலக் கோடும் தரும். லித்தியத்துக்கு அந்த நீலம் கிடையாது. கால்சியம் 622 பக்கம் ஒரு பட்டையும் 554 பக்கம் பச்சைப் பட்டையும் சேர்த்துத் தரும். கோபால்ட் கண்ணாடியில் கால்சியம் பச்சையாகத் தெரிந்தது அந்தப் பச்சையால்தான். பேரியத்துக்குப் பச்சைப் பகுதியில் பல பட்டைகள். பொட்டாசியம் இந்தப் பெட்டியிலும் விளிம்பில் நின்று கண்ணாமூச்சி ஆடும். அதற்குக் கோபால்ட் கண்ணாடியே மேல்.

இதே முறையில்தான் பன்சனும் கிர்காஃபும் 1860-ல் ட்யூர்க்ஹைம் ஊர் ஊற்று நீரில் எந்த உலோகத்துக்கும் பொருந்தாத இரண்டு நீலக் கோடுகளைப் பார்த்து சீசியத்தைக் கண்டுபிடித்தார்கள். அதன் உப்பைக் கையில் எடுக்க 40 டன்னுக்கு மேல் தண்ணீரை வற்றவைக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ரூபிடியம்.

செய்முறைத் தேர்வில் பெட்டியைக் கொண்டுபோக விட மாட்டார்கள். அங்கே நிறத்தை மட்டும் எழுதாமல், எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, கோபால்ட் கண்ணாடியில் எப்படித் தெரிந்தது என்று மூன்றையும் காண்பனவற்றில் எழுதுங்கள். அறிவனவற்றில் "இருக்கலாம்" என்று போட்டுவிட்டு, உறுதிச் சோதனை முடிந்த பிறகு உலோகத்தின் பெயரை எழுதுங்கள்.